விடை: நான்

வானொலிக்காரர்களுக்கு முகம் கிடையாது. பல ஆண்டுகளாகக் காலை நேரத்தில் உங்கள் காரிலும் சமையல்கட்டிலும் பேசிக்கொண்டிருக்கிறேன். எதிரே வந்தால் நீங்கள் என்னைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அதில் ஒரு சுகமும் உண்டு. பசார் மாலாமில் கசங்கிய சட்டையோடு நிற்கலாம், யாரும் படம் எடுக்க மாட்டார்கள்.

வாயைத் திறந்தால்தான் வம்பு. போன மாதம் அப்பம் பாலிக் வாங்க நின்றிருந்தபோது, "கச்சான் அதிகமா போடச் சொல்லு" என்று தம்பியிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற ஆன்ட்டி சட்டென்று திரும்பினார்.

"காலையில பேசுற பொண்ணுதானே நீ? அதே குரல்!" பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆனா நான் உன்னைய..." என்று இழுத்து நிறுத்திவிட்டார்.

மீதியை நானே முடித்துக் கொடுத்தேன். "செவப்பா இருப்பேன்னு நெனச்சீங்களா ஆன்ட்டி?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்பம் நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கிள்ளான் பக்கத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் நான் சந்தித்த 27 பிள்ளைகளின் நினைவாகவே இருந்தது. அந்த ஆன்ட்டி சொல்லாமல் விட்ட வார்த்தையை அந்தப் பிள்ளைகள் கிரெயோனால் சொல்லியிருந்தார்கள்.

அங்கே ஆசிரியையாக இருப்பவர் என் பல்கலைக்கழகத் தோழி. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் ரத்தானாலும், ஆண்டிறுதிச் சோதனை முடிந்த பிறகு ஆறாம் ஆண்டு வகுப்புக்கு ஒரு வெறுமை வந்துவிடும். பாடம் முடிந்திருக்கும், பள்ளி முடிந்திருக்காது. பிள்ளைகள் மேசையில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார்கள். "வந்து ஏதாவது செய்" என்றாள் தோழி. வானொலி பற்றிப் பேசுகிறேன் என்றேன். "அதெல்லாம் கேட்டாச்சு. அவங்க தங்களைப் பத்திப் பேசணும். அதுக்கு வழி பண்ணு" என்றாள்.

ஓவியம் வரையும் நண்பர் ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். மூன்று வகுப்புகள், நான்காவது நாள் பெற்றோருக்கு ஒரு கண்காட்சி என்று திட்டம். தன் முகத்தைத் தானே வரைய வேண்டும், தன்னைப் பற்றித் தானே ஒரு கவிதை எழுத வேண்டும். மலிவு விலைக் கடையில் கையடக்கக் கண்ணாடி 27 வாங்கினேன். கல்லாவில் இருந்த பெண், சலூன் திறக்கப் போகிறேனா என்று கேட்டார்.

முதல் வகுப்பை நான் தொடங்கிய விதத்தை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. கெட்டிக்காரத்தனமாக ஒரு யோசனை வைத்திருந்தேன். ஆறாம் ஆண்டு என்றால் பன்னிரண்டு வயது. பிறந்ததிலிருந்து கையில் இருக்கும் மைகிட் அட்டையில் படம் கிடையாது. பன்னிரண்டு வயதில் மைகார்ட் எடுக்கப் போகும்போதுதான் முகத்தைப் படம் பிடித்து, இரண்டு கட்டை விரலையும் பதிவு செய்வார்கள். அதாவது, இந்த ஆண்டுதான் இந்தப் பிள்ளைகளுக்கு முதல் அதிகாரபூர்வ முகம் கிடைக்கிறது. 'அடையாளம்' என்ற சொல்லைத் தொடங்க இதைவிட நல்ல இடம் ஏது என்று நினைத்தேன்.

கரும்பலகையில் ஒரு கற்பனை எண்ணை எழுதினேன். பன்னிரண்டு இலக்கம். முதல் ஆறும் பிறந்த தேதி. அடுத்த இரண்டும் பிறந்த மாநிலம்: 10 என்றால் சிலாங்கூர், 08 பேராக், 07 பினாங்கு, 14 கோலாலம்பூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். பிள்ளைகள் குதித்தார்கள். தங்கள் எண்ணுக்குள் இவ்வளவு இருப்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அக்கா, நான் ஈப்போவுல பொறந்தது இதுலயே தெரியுது!" என்று ஒருவன் கத்தினான். எல்லாரையும் அவரவர் எண்ணைத் தாளில் எழுதச் சொன்னேன்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுதவில்லை. பென்சிலை மட்டும் சீவிக்கொண்டிருந்தான். அருகே போகப் பார்த்தேன். தோழி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "அவனுக்கு நம்பர் இல்லை. அப்புறம் சொல்றேன்."

அப்புறம் சொன்னாள். அப்பா மலேசியர். அம்மாவுக்கு இந்த நாட்டுக் குடியுரிமை இல்லை. கோயிலில் தாலி கட்டினார்கள், பதிவு செய்யவில்லை. முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்ற விதி 1982 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஆனால் 'ஐயர் வந்தார், மேளம் அடித்தார்கள், ஊரே பார்த்தது, அப்புறம் என்ன' என்று இருந்துவிடும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் உண்டு. பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குச் சட்டத்தின் கண்ணில் தாயின் குடியுரிமைதான். அப்பாவுடையது வந்து சேராது. அம்மா போய்விட்டார். பையன் பாட்டியிடம் வளர்கிறான். அரசமைப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவின் கீழ் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார்கள்.

(இதை எழுதலாமா என்று ஆசிரியையிடமும் பாட்டியிடமும் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். திருமணப் பதிவைத் தள்ளிப் போட்டுக்கொண்டிருக்கும் யாராவது இதைப் படித்தால், ஞாயிறு முடிந்ததும் முதல் வேலையாக அதைச் செய்யுங்கள்.)

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 'உன்னைச் சொல்' என்று கேட்கப் போன நான், எடுத்த எடுப்பில் ஒரு பிள்ளையிடம் 'உன்னிடம் இல்லாததைச் சொல்' என்று கேட்டிருக்கிறேன்.

இரண்டாவது வகுப்பு ஓவிய நண்பருடையது. ஆளுக்கொரு கண்ணாடி. "உங்க கண்ணு தலையில எங்க இருக்கு?" என்று கேட்டார். எல்லாரும் நெற்றிக்குச் சற்றுக் கீழே காட்டினார்கள். "அளந்து பாருங்க." பென்சிலை உச்சந்தலையில் வைத்து, கண்ணை அளந்து, தாடையை அளந்தார்கள். கண் சரிபாதியில் இருந்தது! நானும் இரகசியமாக என் கைத்தொலைபேசியைக் கண்ணாடியாக்கி அளந்தேன். ஆமாம், பாதியில்தான். முப்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிகிறது. நேராகப் பார்த்தால் முகத்தின் அகலம் ஏறக்குறைய ஐந்து கண் அகலம். காது, புருவத்தில் தொடங்கி மூக்கு நுனி மட்டத்தில் முடிகிறது. இதெல்லாம் பொது அளவு. "உங்க முகம் இதுல எங்கெல்லாம் மாறுதோ, அங்கதான் நீங்க இருக்கீங்க" என்றார் நண்பர்.

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் இளம் வயதிலிருந்து 1669இல் இறந்த ஆண்டு வரை தன் முகத்தையே திரும்பத் திரும்ப வரைந்தவர். அந்தப் படங்களை வரிசையாகக் காட்டினார். "இவ்ளோ செல்ஃபியா!" என்று ஒரு குரல். மெக்சிகோவின் ஃபிரிடா காலோ தன்னை வரைந்த படம் வந்ததும், முன் வரிசைப் பெண் ஒருத்தி மெதுவாகத் தன் புருவத்தின் நடுவே தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் புருவம் கூடியிருந்தது. அதுவரை கையால் மறைத்துக்கொண்டிருந்தவள், பிறகு கையை எடுத்துவிட்டாள்.

வகுப்பில் அப்படியோர் அமைதியை நான் எதிர்பார்க்கவில்லை. சின்னப் பிள்ளைகள் ஓயாமல் தங்களைப் படம் பிடிக்கும் காலம்தான் இது. ஆனால் பூனைக் காதும் பளபளப்பும் ஒட்டாத தன் முகத்தைப் பத்து நிமிடம் பார்ப்பது வேறு மாதிரி இருக்கிறது. "அக்கா, தமிழ்ல டிம்பள் என்னது?" "கன்னக்குழி." "அக்கா, இந்த வெட்டுக் காயம் ஆறுனது?" "தழும்பு." தமிழ்நாட்டில் பள்ளிச் சான்றிதழில் மச்சத்தையும் தழும்பையும் 'அங்க அடையாளம்' என்று குறிப்பார்கள் என்று சொன்னேன். உடனே எல்லாரும் மச்சம் தேடத் தொடங்கிவிட்டார்கள். கடைசி வரிசைப் பையன் காதில் மாட்டிக்கொண்டான். வரைவான், அழிப்பான். அவன் காது வெளியே விரிந்து நிற்கும், மேல் விளிம்பில் ஒரு மடிப்பும் உண்டு. நான்கு முறை அழித்ததில் தாளே நைந்துவிட்டது. வேறு தாள் கொடுக்கப் போனதற்கு வேண்டாம் என்றான்.

பிறகு வண்ணம். அங்கேதான் வந்தது.

"ஸ்கின் கலர் குடு."

"முடிச்சிட்டியா? எனக்குக் குடு."

ஒரே ஒரு கட்டை, விரல் நுனி அளவு தேய்ந்தது, மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. வெளிர் பீச் நிறம். அந்த வகுப்பில் யாருடைய தோலும் அந்த நிறத்தில் இல்லை. எனக்கும் அதைவிட நாலு பங்கு கறுப்பான ஒரு சிறுமி, தன் முறைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்தில் பிரவுன் கிரெயோன் முழுசாக, முனைகூட உடையாமல் கிடந்தது.

"அது இருக்கே, அதப் போடலாம்ல?" என்றேன்.

"அசிங்கமா இருக்கும் அக்கா." ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள், நாளை மழை வரும் என்பது போல.

அமெரிக்காவின் கிரயோலா நிறுவனம் 'சதை நிறம்' என்று விற்ற கிரெயோனுக்கு 1962இல் 'பீச்' என்று பெயர் மாற்றியது. 2020இல் 24 தோல் நிறங்கள் கொண்ட பெட்டியை வெளியிட்டது. இந்த விவரமெல்லாம் எனக்குத் தெரியும். அதை அந்தச் சிறுமியிடம் சொல்லி என்ன ஆகப் போகிறது? அவளுக்கு 'ஸ்கின் கலர்' என்று சொல்லிக்கொடுத்தது பெட்டி மட்டுமல்ல. ஊடகப் பட்டத்தோடு நான் முதல் முறை கேமரா முன் நின்றபோது, பார்த்தவர் சொன்னது: "குரல் பிரமாதம்மா. ரேடியோவுக்கு முயற்சி பண்ணிப் பாருங்க." நல்ல ஆலோசனைதான். வானொலியை நான் உயிராக நேசிக்கிறேன். ஆனாலும் அந்த அறையில் என் குரலைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் இதுவரை எங்கும் சொன்னதில்லை.

நண்பர் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. "உங்க கலர்ல கிரெயோனே கிடையாது. அதனால நாம செய்யணும்" என்றார். பிரவுனோடு மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, நிழலுக்குத் துளி நீலம். தாளின் ஓரத்தில் தேய்த்து, அதை முன்கையோடு ஒட்டி வைத்துப் பார்க்க வேண்டும். தாள் எது, கை எது என்று தெரியாமல் போகும் வரை கலக்க வேண்டும். அது போட்டியாகிவிட்டது. கிடைத்த நிறத்துக்குப் பெயரும் வைக்கச் சொன்னார். தே தாரிக். மைலோ. குலா மெலாக்கா. வறுத்த கச்சான். பழைய புளி. அந்தச் சிறுமி நெடுநேரம் கலக்கினாள். "கோப்பி ஓ" என்று எழுதினாள். பிறகு கையைப் பார்த்துவிட்டு, "கோசோங்" என்று சேர்த்துக்கொண்டாள். அப்படியே கடுங்காப்பி, சீனி இல்லாமல். வகுப்பே சிரித்தது, அவளும்தான்.

மூன்றாவது வகுப்பு எனக்கு. கவிதை என்றதும் பிள்ளைகள் 'நிலவே, மலரே' என்று தொடங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. அதனால் விடுகதை எழுதச் சொன்னேன். நம்மிடம் அது மிகப் பழைய சரக்கு. தொல்காப்பியம் அதைப் 'பிசி' என்று சொல்கிறது. நீங்கள்தான் விடை. ஆனால் பெயர் எழுதக்கூடாது, அப்பா பெயர் கூடாது, இனம் கூடாது, எண்ணும் கூடாது. (கடைசி விதியைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.) கண்ணாடியில் நீ மட்டும் பார்க்கும் ஒன்று, உன் வீட்டில் தினமும் கேட்கும் ஒரு சத்தம், யாருக்கும் தெரியாமல் நீ செய்யும் ஒன்று. இவை போதும்.

சத்தத்தைக் கேட்டது என் தொழில் புத்தி. ஆனால் அதில்தான் வீடுகள் திறந்தன. ரொட்டிக்காரரின் ஹாரன், தாத்தாவின் இருமல், அதிகாலை சூராவின் பாங்கு, மேல் மாடியில் நாற்காலி இழுபடும் ஓசை, அம்மா சமைக்கும்போது முணுமுணுக்கும் என் நிகழ்ச்சியின் விளம்பரப் பாட்டு (நான் கேட்டு வாங்கவில்லை, சத்தியமாக).

ஒருத்தி எழுதினாள்:

"முன் பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு.
மூட முடியாத கதவு.
அதன் வழியே விசில் மட்டும் வெளியே போகும்."

ஒரு பையன்:

"பாட்டிக்கு ஒரு பெயர், அம்மாவுக்கு ஒரு பெயர்,
பதிவேட்டில் ஒரு பெயர்.
மூன்றுக்கும் ஓடி வருபவன் ஒருவன்தான்.
நான்காவது பெயருக்கு மட்டும் வர மாட்டான்."

நான்காவது பெயர் என்ன என்று நான் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வைக்கும் பட்டப் பெயர்கள் எனக்கும் தெரியும்.

கடைசி வரிசைப் பையன் விதியை மீறினான். தாளை என் மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான்:

"உங்களுக்குப் பன்னிரண்டு எண்.
எனக்கு இரண்டு எண்.
இரண்டும் ஒன்று.
முதுகில் வைத்திருக்கிறேன்.
பந்து வரட்டும், பாருங்கள்."

பள்ளிக் காற்பந்துக் குழுவில் அவன் 11ஆம் எண் சட்டைக்காரன். இடது ஓரத்தில் விளையாடுபவன். இந்தத் தாளை நான் திருத்தவில்லை.

கண்காட்சி சனிக்கிழமை காலை. மண்டபத்துச் சுவரில் 27 முகங்கள், கீழே 27 விடுகதைகள். எதிலும் பெயர் இல்லை. வாசலில் பெற்றோருக்கு ஒரு மஞ்சள் ஒட்டுத்தாள் கொடுத்தோம். உங்கள் பிள்ளையின் பெயரை எழுதி, எது உங்கள் பிள்ளை என்று ஒட்டுங்கள். பிள்ளைகள் எதிர்ப்பக்கம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். படம் அச்சு அசல் இருக்காது, பன்னிரண்டு வயதுக் கை அல்லவா. அதனால் விடுகதையையும் படித்தால்தான் பிடிபடும்.

பல் இடைவெளிப் பெண்ணின் அம்மா நேராகப் போய் ஒட்டிவிட்டார். கோப்பி ஓ சிறுமியின் அம்மாவும் சரியாகத்தான் வந்தார். ஆனால் படத்தைப் பார்த்ததும், "ஏன்டி இவ்ளோ கறுப்பா போட்டு வச்சிருக்க?" என்று அங்கிருந்தே கேட்டார். எனக்கு வயிறு பகீர் என்றது. சிறுமி தோளைக் குலுக்கினாள். "கண்ணாடியில இப்படித்தான்மா இருந்துச்சு." அம்மா இன்னொரு தரம் படத்தைப் பார்த்தார். ஒட்டுத்தாளின் ஓரத்தை விரலால் நன்றாக அழுத்தி ஒட்டினார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

துறைமுகத்தில் வேலை செய்யும் ஓர் அப்பா வந்திருந்தார். மாலை ஷிப்ட்டுக்காரர், கண் சிவந்திருந்தது. சுவரை இரண்டு முறை சுற்றினார். ஒரு படத்தின் முன் நின்று விடுகதையைப் படித்தார், தலையசைத்துவிட்டு நகர்ந்தார். கடைசியில் தள்ளியிருந்த வேறொரு படத்தில் ஒட்டினார். எதிர்ப்பக்கம் நின்ற அவர் மகள் கீழே பார்த்தாள். அவர் படித்துவிட்டு விட்டுப்போனது இது:

"பத்து மணிக்கு விளக்கை அணைப்பேன்.
பன்னிரண்டு மணிக்கு கேட் திறக்கும்,
சாவி விழும், செருப்பு இரண்டு தரம் தட்டும்.
அதற்குப் பிறகுதான் உண்மையாகத் தூங்குவேன்."

தோழி போய் மெதுவாகச் சொன்னாள், "அது இல்லீங்க."

"இந்த ரெட்டை ஜடைதானே? அதான் ஒட்டினேன்."

"அந்தப் பக்கம் ஒண்ணு படிச்சீங்களே..."

"அது இல்ல டீச்சர். எம் பொண்ணு பத்து மணிக்கே தூங்கிடுவா. நான் வர்றப்ப நல்லாத் தூங்கிட்டு இருப்பா, தினமும் பாக்குறேனே..."

பேசிக்கொண்டே நிறுத்திவிட்டார். திரும்பிப் போய் அதே விடுகதையின் முன் நின்றார். இந்த முறை படிக்க ரொம்ப நேரம் எடுத்தது. பிறகு மகளைப் பார்த்தார். மண்டபத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு, "தூங்கலையா நீ?" என்றார்.

"இல்லப்பா."

ஒட்டுத்தாளை எடுத்து மாற்றி ஒட்டினார். அவர் மதியம் வேலைக்குக் கிளம்ப வேண்டியவர். கடைசியாகப் போனவர்களில் அவரும் ஒருவர்.

11ஆம் எண்ணுக்காக அவன் பாட்டி வந்திருந்தார். கையில் ஒட்டுத்தாளை அப்படியே வைத்திருந்தார். எழுதிக் கொடுக்கட்டுமா என்று கேட்டு, பேரனின் பெயரை நான் எழுதிக் கொடுத்தேன். விடுகதைகளை வாசித்துக் காட்டலாம் என்று கூடவே நடந்தேன். தேவைப்படவில்லை. ஐந்தாவது படத்திலேயே நின்றுவிட்டார்.

"இதுதான்."

"எப்படி பாட்டி கண்டுபிடிச்சீங்க?"

"காதப் பாரு." நைந்து போயிருந்த தாளில், நான்கு முறை அழித்து ஐந்தாவது முறை வந்த அந்தக் காதைச் சுட்டிக் காட்டினார். மேல் விளிம்பின் மடிப்பு அப்படியே இருந்தது. "அவங்கப்பன் காது. அவங்கப்பனுக்கு அவங்க தாத்தா காது. மூணு பேருக்கும் ஒரே காது."

ஒட்டுத்தாளை ஒட்டினார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இத நான் வீட்டுக்குக் கொண்டு போகலாமா?"

"உங்களுக்குத்தான் பாட்டி."

"அடுத்த மாசம் திரும்ப ஆபீசுக்குப் போகணும். அங்க காட்டலாம்ல?"

எனக்குப் பதில் வரவில்லை. பேசியே பிழைப்பவள் நான். தோழிதான் படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் எடுத்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு அவர் கையில் கொடுத்தாள். "கொண்டு போங்க பாட்டி. கசங்காம வச்சுக்குங்க."

பேரனைத் தேடினோம். அவன் எப்போதோ திடலுக்குப் போய்விட்டிருந்தான்.